வராமல் போன ஒரு மணி நேரம்

என்னால் ஒரு பெண்பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கிடைக்க வேண்டிய கூடுதல் நேரம் கிடைக்காமல் போயிற்று. அவளுக்கு எதிராக நான் ஒன்றும் செய்யவில்லை. மேடையேறி அவளை வாழ்த்தத்தான் செய்தேன். அந்த வாழ்த்துதான் அவளுக்கு வினையாகப் போனது.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயல்கள் சூழ்ந்த ஊர் ஒன்றில் பிறந்தவள் நான். இப்போது அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பிறக்கும்போதே எனக்குத் தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. உடம்பில் நிறம் என்பதே கிடையாது. அல்பினிசம் என்று பெயர். என்னைப் பார்ப்பவர்கள் தோலைப் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள். கண்தான் உண்மையான சங்கடம் என்பது யாருக்கும் தெரியாது. என் கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். வெயிலில் இமையைத் திறக்க முடியாது. எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை எனக்கு வெறும் மஞ்சள் கறை. புத்தகத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பிடித்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும்.

அப்பா வயலில் பாடுபட்டுக் கறுத்தவர். அம்மாவும் நல்ல கறுப்பு. அவர்களுக்கு இப்படி ஒரு குழந்தை பிறந்ததும் ஊர் சும்மா இருக்கவில்லை. குழந்தை பார்க்க வந்த ஒருத்தி அம்மாவிடம், "கன்னியாகுமரிக்குக் கடல் பாக்கப் போனியா நீ? வெள்ளக்காரன் எவனயும் பாத்து மலைச்சு நின்னியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். அம்மா இதை என்னிடம் சொன்னது எனக்கு இருபது வயதானபோது. கைக்குழந்தையாக என்னை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இது நோயில்லை, இதற்கு மருந்தும் இல்லை, வெயிலில் விடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் முன்பெஞ்சில் உட்காரவையுங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் காதில் மருந்து இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது.

என்னைப் பள்ளியில் சேர்க்க ஒரு வருஷம் தாமதித்தார்கள். காரணம் என் தங்கை. அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். எனக்கு ஒரு வருஷத்தைப் பின்னால் தள்ளி, அவளுக்கு ஒரு வருஷத்தை முன்னால் இழுத்து, இருவரையும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டார் அப்பா. "அக்காளுக்கு போர்டுல உள்ளத நீ சொல்லிக் குடுக்கணும், கேட்டியா?" என்றார் அவளிடம். நாலரை வயதுப் பிள்ளை அதற்குத் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலுக்கு அவள் எத்தனை வருஷம் வேலை செய்தாள் என்பதை நான் மற்றவர்களிடம் சொல்ல வெகுகாலம் ஆயிற்று.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் மதாம்மா. வெள்ளைக்காரிக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வாத்தியார்களில் சிலர் வருகைப் பதிவு எடுக்கும்போதே அப்படிக் கூப்பிட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தார்கள். பிள்ளைகள் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தங்கள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வார்கள். ஒட்டிக்கொண்டுவிடுமாம். அப்போதெல்லாம் சண்டைக்குப் போவது தங்கைதான். ஒருமுறை ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்துவிட்டாள். அதற்குப் பிரம்படி அவளுக்குத்தான் கிடைத்தது.

அவளுடைய வேலை இதுதான். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதைத் தன் நோட்டில் வழக்கமான எழுத்தில் எழுதிக்கொள்வாள். பிறகு அதையே என் நோட்டில் கொட்டைப்பாக்கு அளவு எழுத்துகளில், கறுப்பு மையில் எழுதுவாள். ஒரு பாடத்தை இரண்டு தடவை எழுத வேண்டும். அவள் இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருக்கும்போது வாத்தியார் அடுத்த பாடத்தை நடத்திக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். நான் கேட்டுக்கொண்டே மனப்பாடம் செய்வேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி. ஒருமுறை கேட்டால் போதும். "எக்கா, நான் வாசிக்கேன், நீ படிக்க. எனக்குத் தொண்ட காயுது, மண்டையில ஒண்ணும் ஏறல்ல" என்பாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எங்கள் கணக்கு வாத்தியார் எனக்காக அலைந்தார். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தாரோ, எனக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் நான் சொல்வதை எழுத ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் கிடைக்கும்படி செய்தார். கேள்வித்தாளை அந்தப் பெண்ணே வாசித்துக் காட்டினாள். நான் பள்ளியில் இரண்டாவதாக வந்தேன். தங்கை கணக்கிலும் அறிவியலிலும் தவறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று வீட்டில் எனக்காகப் பாயசம் வைத்தார்கள். தங்கையும் குடித்தாள். அவளைத் திரும்ப எழுத வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் அவளை அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் கல்லூரிக்குப் போனேன், பி.எட். முடித்தேன், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தேன்.

மேடைக்கு வந்த கதை தனி. வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் கழித்து, நாகர்கோவிலில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு டிசம்பர் மாதம் ஒரு விழா நடந்தது. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். விழாவுக்கு முன்னால், நடத்துகிறவர் என்னிடம் குறிப்பெடுத்துக்கொண்டார். "நீங்க சலுகை எதுவும் கேக்காம, ஒருத்தரோட உதவியும் இல்லாமத்தான மேடம் படிச்சு வந்திருப்பிய?" என்றார். அதில் கேள்வியைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மேடையில் அவர் என்னை அறிமுகம் செய்தபோது "யாருடைய உதவியும் இல்லாமல், எந்தச் சலுகையும் கேட்காமல், தன் சொந்த முயற்சியால்" என்று குரலை உயர்த்திச் சொன்னார். மண்டபம் எழுந்து கைதட்டியது.

அன்று வரையில் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வைகள் எனக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையை விட்டு நகர்ந்து உட்காரும் பார்வை. கர்ப்பிணிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பார்வை. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஆங்கிலத்தில் பேசி வியாபாரம் செய்ய வந்து, நான் தமிழில் பதில் சொன்னதும் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டும் பார்வை. அந்த மண்டபத்தில் முதன்முதலாக வேறு ஒரு பார்வையைக் கண்டேன். அது எனக்கு வேண்டியிருந்தது. திருத்திச் சொல்ல எனக்கு ஒலிவாங்கி கையில் இருந்தது, நேரமும் இருந்தது. நான் சொன்னது, "முயன்றால் முடியாதது இல்லை" என்பது.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் கூப்பிட்டார்கள். பள்ளிகள், சங்கங்கள், சர்ச் மண்டபங்கள், கல்யாண மண்டபங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். சக்கர நாற்காலிப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு வந்து என் இருபக்கமும் நிறுத்துவார்கள். "அந்த டீச்சரப் பாரு மக்கா, நீயும் அவியள மாதிரி வரணும்" என்று தாய்மார் சொல்வார்கள். தலையே நிற்காத பிள்ளையிடமும் சொல்வார்கள். அந்தப் பிள்ளை எப்படி என்னைப் போல வரும், என்னைப் போல வந்து என்ன செய்யும் என்று யோசிக்க நான் முயன்றதில்லை. சொல்லச் சொல்லப் பேச்சு மெருகேறியது. கரும்பலகை தெரியாத பெண் தானாகவே கேட்டுக் கேட்டு, தானாகவே மனப்பாடம் செய்து ஜெயித்தாள். வாசித்தது யார் என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

ஒருமுறை யாரோ என் பேச்சைப் படம் பிடித்து அனுப்ப, அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. சித்தப்பாக்களும் மாமன்மாரும் கைகூப்பும் படங்களாகப் போட்டார்கள். மறுநாள் தங்கை போன் செய்தாள்.

"எக்கா, வீடியோ பாத்தேன். நல்லா பேசுன."

"ம்" என்றேன்.

"முழுசும் பாத்தேன். ஒரு எடத்துல நானும் வருவேன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தேன்."

அவள் அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த தடவை அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த தடவையும் சொல்லவில்லை. ஒரு பொய்யை ஐந்து வருஷம் சொன்ன பிறகு ஆறாம் வருஷம் எந்த வாக்கியத்தில் திருத்துவது? தங்கை எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். காரணம் கேட்டால், மழைக்காலத்திலும், ரப்பர் மரத்தில் பால் வெட்டு நடக்கிறது என்பாள். மழையில் பால் வெட்ட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். நான் மேற்கொண்டு கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு ஜனவரி மாதம், எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்குக் கோட்டாறிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கறுப்பு புர்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவருக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்ட பெண். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வெள்ளை இமை, ஆடும் கண்கள், மூக்கின் மேல் வெயில் சுட்ட சிவப்பு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தாள். நானும் அதே மாதிரி சாய்த்துத்தான் பார்ப்பேன். அப்படிச் சாய்த்தால் கண்ணாட்டம் கொஞ்சம் நிற்கும்.

"எனக்க மோளு டீச்சர். பத்தாங்கிளாஸ். அவளுக்க வாப்பா துபாயில நிக்காவ" என்றார் அந்த அம்மா. "போன வருஷம் அவளுக்க ஸ்கூலுக்கு நீங்க பேச வந்திய. முன்னால உக்காந்திருந்தா. நீங்க கூப்புட்டுத் தலையில கை வச்சிய."

எனக்கு நினைவில்லை. எத்தனையோ தலைகளில் கை வைத்திருக்கிறேன்.

கவரிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜை மேல் பரப்பினார். டாக்டர் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை, பரீட்சையில் கூடுதல் நேரமும் பெரிய எழுத்துக் கேள்வித்தாளும் சொல்வதை எழுத ஆளும் கேட்டு எழுதிய விண்ணப்பம். விண்ணப்பத்தில் தலைமையாசிரியை கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"மூணு மட்டம் ஸ்கூலுக்கு நடந்தேன் டீச்சர். கையெழுத்துப் போட மாட்டேங்கியாவ."

"ஏன்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு சொல்லிவிட்டார்.

"உங்களச் சொல்லித்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் மாட்டேங்கியாவ. அந்த டீச்சருக்கு ஆரு நேரம் கூட்டிக் குடுத்தா, ஆரு எழுதிக் குடுத்தா? நம்ம ஸ்டேஜுல நின்னு அவியளே சொல்லல்லியா? உங்க பிள்ளைக்கு அவிய அளவுக்குக் கண்ணு தெரியத்தான செய்யுது, செல்லம் குடுத்துக் கெடுக்காண்டாம்னு சொல்லுதாவ. பிள்ள தன்னம்பிக்கையா வளரட்டும்னு சொல்லுதாவ."

அறையில் இருந்த மற்ற ஆசிரியைகள் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தினார்கள். அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், நெசமாவே நீங்க ஒண்ணும் வாங்காமத்தான் எழுதினியளா? மூணு மணிக்கூறுல கேள்வி முழுசும் வாசிச்சிட்டியளா? எனக்குக் கேள்வி வாசிக்கவே ஒரு மணிக்கூறு ஆவுது. நான் மக்குன்னு நெனச்சேன்."

இல்லை என்று சொன்னேன். எனக்கு நேரம் கொடுத்தார்கள், எழுத ஆள் கொடுத்தார்கள், வாசித்துக் கொடுக்கத் தங்கை இருந்தாள் என்று அந்த ஆசிரியர் அறையில், ஐந்தாறு பேர் கேட்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னேன். பாரம் எதுவும் இறங்கிப் போனதாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். "அப்பம் ஏன் அப்பிடிச் சொன்னிய?" என்று மட்டும் கேட்டாள். அவள் உம்மா, "ச்சே, சும்மா இரி" என்று அவள் கையைப் பிடித்தார்.

அன்றே அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு அவள் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"என்ன மேடம் இப்பிடிச் சொல்லுறீங்க? உங்க பேச்சக் கேட்டுட்டு நான் எத்தன பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வந்தேன். நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஆனா கடைசித் தேதி போயாச்சே. இனி நீங்க நேர்ல போய்க் கேட்டுப் பாருங்க" என்றார். கெட்டவர் இல்லை அவர். என் கதையை நம்பியவர், அவ்வளவுதான்.

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனோம். முதல் தடவை சம்பந்தப்பட்டவர் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார். காகிதங்களைப் புரட்டிவிட்டு, பட்டியல் சென்னைக்குப் போய்விட்டது, இனி ஒரு பெயரைச் சேர்ப்பது தன் கையில் இல்லை என்றார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விழாப் படம் இருந்தது. அதில் நானும் நிற்பதைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்களே இந்தப் பிள்ளைக்கு ஒரு மாசம் மோட்டிவேஷன் குடுத்தா ஜெயிச்சிருமே" என்றார். அந்தப் பெண்ணின் உம்மா காகிதங்களைக் கவருக்குள் வைத்தார். படிக்கட்டு இறங்கும்போது வெயிலுக்கு நானும் அந்தப் பெண்ணும் ஒரே மாதிரி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, படி தெரியாமல் காலால் தடவித் தடவி இறங்கினோம்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. முன்பே ஒப்புக்கொண்டது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை இரண்டு நோட்டில் எழுதியது, கணக்கு வாத்தியார் அலைந்தது, ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதிக்கொடுத்தது, ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. "உதவி கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் சண்டை போட்டு வாங்குங்கள். நான் தனியாக ஜெயித்ததாக இதுவரை சொன்னது உண்மையில்லை" என்று முடித்தேன்.

கைதட்டல் அங்கங்கே கேட்டு அடங்கியது. விழா நடத்துகிறவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு சாதித்த பிறகும் மேடம் எவ்வளவு தன்னடக்கத்தோடு பேசுகிறார்கள் பாருங்கள்" என்றார். இப்போது மண்டபம் நன்றாகக் கைதட்டியது. கீழே இறங்கியதும் ஒரு தகப்பன் வழியை மறித்தார். அவர் மகனுக்குக் காது கேட்காது. "பிள்ளையளுக்கு நம்பிக்கை குடுக்கத்தான உங்களக் கூப்புட்டது? நீங்களே இப்பிடிப் பேசினா எங்களுக்கு என்ன மிச்சம்?" என்றார். அன்றைய என் பேச்சை யாரும் படம் பிடித்து அனுப்பவில்லை. அடுத்த டிசம்பர் விழாவுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒரு கை இல்லாமல் ஜீப் ஓட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குப் பரீட்சையன்று பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் உம்மாவோடு நானும் காத்திருந்தேன். மணி அடித்துப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் கடைசியில் வந்தாள். உம்மா ஓடிப்போய்க் கேட்டார்.

"எப்பிடி மக்கா எழுதின?"

"தெரிஞ்சதுதான். கடைசிப் பக்கத்துக்குப் போவல்ல. மணி அடிச்சாச்சு."

நான் என்னவோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அடுத்த பரீட்சைக்கு எப்படித் தயாராக வேண்டும், எந்தக் கேள்வியை முதலில் எடுக்க வேண்டும் என்று. மேடையில் பேசிய வாய் அப்படிச் சீக்கிரம் அடங்காது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு உங்கள மாதிரி ஆகாண்டாம் டீச்சர்."

உம்மா பதறிப்போனார். அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் வெட்கமாக இருந்திருக்கும்.

கணக்கில் தேறினாள், மதிப்பெண் போதவில்லை. உயிரியலோடு கணக்கு உள்ள பிரிவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வரலாறும் பொருளியலும் உள்ள பிரிவில் இடம் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த முதல் வாரத்திலேயே நானும் அவள் உம்மாவும் போய்க் கூடுதல் நேரத்துக்கான விண்ணப்பம் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

பரீட்சை முடிந்த அந்தக் கோடை விடுமுறையில்தான் அருமனைக்குப் போனேன். தங்கையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள், நடுவில் நிழல். என் கண்ணுக்கு அங்கே மட்டும் சுகம். தங்கை முற்றத்துக் கயிற்றில் ரப்பர் ஷீட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். புளித்த ரப்பர் பால் நாற்றம். நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். மண்டபத்தில் அவளைப் பற்றிப் பேசினதை, என்னென்ன சொன்னேன் என்பதை, எல்லாம்.

அவள் ஷீட்டைத் திருப்புவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எத்தன பேரு இருந்தாவ?"

"நூறு பேரு இருக்கும்."

"சரி" என்றாள். அடுத்த ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இத்தன வருஷமா எத்தன நூறு பேருகிட்ட அந்தப் பழைய கதைய சொல்லியிருப்ப?" என்றாள்.

நான் கயிற்றில் கிடந்த ஒரு ஷீட்டின் நுனியைப் பிடித்தேன்.

"சவத்த விடு எக்கா. எனக்குப் பேரு வரணும்னு நான் நெனச்சது இல்ல. ஆனா நான் தோத்தது ஏன்னாவது நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கலாம். இந்த வீட்டுல எல்லாரும் இன்னைக்கும் நான் படிக்காத மண்டன்னுதான் நெனச்சிட்டு இருக்காவ. எனக்க பிள்ளையள் உட்பட."

சாப்பிடக் கூப்பிட்டாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் விளம்பினாள். மீன் முள்ளை வழக்கம்போல அவளே எடுத்துப் போட்டாள். எனக்கு முள் தெரியாது. நான் கோட்டாற்றுப் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கை சட்டென்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஆரு வாசிச்சுக் குடுக்கது?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கா. ஏழாங்கிளாஸ்."

அவள் கை தட்டிலேயே நின்றது.

"அவள வாசிக்க விடாத எக்கா. அவ படிக்கட்டும். வேற ஆளப் பாரு. ஆரும் இல்லேன்னா நீ போய் வாசி."

"எனக்கா? நான் ஒரு பக்கம் வாசிக்கதுக்குள்ள விடிஞ்சிரும் ஏட்டி."

"விடியட்டு" என்றாள் அவள்.

பஸ் ஏற்றிவிட வந்தவள், பஸ்ஸின் பலகையை வாசித்துச் சொல்லி, கண்டக்டரிடம் நான் இறங்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு அவள் வந்தாள். அடுத்த நாளே போய்விட்டாள்.

இப்போது சனி, ஞாயிறுகளில் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெண்ணின் வரலாற்றுப் புத்தகத்தை மேஜை விளக்குக்குக் கீழே வைத்து, லென்ஸை எழுத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பாடங்களைப் போனில் வாசித்துப் பதிவு செய்கிறேன். ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. கழுத்து பிடித்துக்கொள்கிறது. நடுவில் வரி தப்பிப் போனால் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது. இதற்கு இப்போது கருவிகள் வந்துவிட்டன, எழுத்தைப் படமெடுத்தால் போனே வாசிக்கும் என்று என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் சொன்னார். அந்தப் பெண்ணிடம் அதையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது ஆண்டுகளையும் தமிழ் அரசர் பெயர்களையும் கண்டபடி உடைத்து வாசிக்கிறது என்கிறாள். ஆகவே நானும் வாசிக்கிறேன். அவள் தங்கை தன் பாடத்தைப் படிக்கிறாள்.

அந்தப் பெண் எனக்கு நன்றி சொன்னதில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள், அதில் முன்பு இருந்திருக்கக்கூடிய பயபக்தி கிடையாது. போன வாரம் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

"டீச்சர், மூணாம் பாடத்துல ரெண்டாம் பத்தி கடைசியில ஒரு வரி விட்டுட்டிய. புக்கு வச்சுப் பாத்தேன். திரும்ப வாசிச்சு அனுப்புங்க. நாளைக்கு டெஸ்ட் இருக்கு."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசித்து அனுப்பினேன்.